சுருதி சேர்ந்துவிட்டது

காலை ஆறரை மணிக்கு நாச்சியார் வழக்கம்போல் தன் இடது காதைக் கழற்றிக் குழாயில் கழுவி, துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டார். அது அவருடைய மூன்றாவது காது. முதல் இரண்டும் பங்க் ராக் என்னும் காட்டுக்கூச்சல் இசைக்குப் பலியானவை. பிறகு கட்டிலில் உட்கார்ந்து, கிதாரை மடியில் வைத்து, தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டினார். இரண்டாவது தந்திக்கு வந்ததும் கை நின்றது.

தந்தி சுருதி சேர்ந்திருந்தது.

முதலில் காதைத்தான் சந்தேகித்தார். மேசை இழுப்பறையில் கிடந்த, பாதி பழுதான இரண்டாவது காதை எடுத்து மாட்டிக் கேட்டார். அதிலும் அதே இனிமை. முகம் சுளித்துக்கொண்டே முறுக்காணியைக் கால் சுற்று தளர்த்தினார். தந்தி பழையபடி அழுது வடிந்தது. நிம்மதியாகத் தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வந்து மீட்டினார். மறுபடி சேர்ந்திருந்தது.

வேறு யாருக்காவது இப்படி நடந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். நாச்சியார் பயந்துபோனார். ஏன் என்று விளக்க வேண்டுமானால் அந்தத் தந்தியைப் பற்றியும், அவருடைய குழுவைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

சனிக்கோளைச் சுற்றிவரும் காயல் வளையத்தில் இருபதாயிரம் பேர் வாழ்கிறார்கள். வளையம் ஒரு ராட்சத சைக்கிள் சக்கரம்போலச் சுழல்கிறது. அந்தச் சுழற்சிதான் உள்ளே இருப்பவர்களைத் தரையோடு அழுத்தி, எடை இருப்பதுபோல் உணரவைக்கிறது. சுவருக்கு வெளியே காற்றில்லை. ஆகவே அங்கே யாரும் உரக்கச் சொல்லத் துணியாத ஒரு சொல் உண்டு: காற்றுக்கசிவு. எழுபத்தொரு ஆண்டுகளுக்கு முன் மூன்று பேர் சேர்ந்து ஒரு பங்க் ராக் குழுவைத் தொடங்கி, அதற்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். முதல் நிகழ்ச்சியில் பாடகர் ஞானமுத்து ஒலிவாங்கியைப் பிடித்து "காற்றுக்கசிவு!" என்று கத்தியதும் கூட்டத்தில் பாதிப்பேர் காற்று முகமூடியை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டார்கள். மீதிப்பேர் ரசிகர்களானார்கள்.

அன்று மேடை ஏறும்போது நாச்சியாரின் கிதாரில் ஒரு முறுக்காணி உடைந்திருந்தது. வளையத்தில் மாற்று ஆணி கிடையாது. இரண்டாவது தந்தி தொய்ந்தபடியே வாசித்தார். அதுவே குழுவின் பாணியாகிவிட்டது. மூன்றே மூன்று சுரக்கோவைகள், ஒன்றரை நிமிடத்தைத் தாண்டாத பாட்டு, தனி வாசிப்பு என்ற பேச்சே இல்லை, எல்லாவற்றுக்கும் அடியில் அந்தத் தொய்ந்த தந்தி. பின்னால் ஆணி கிடைத்தபோதும், தந்தியை வேண்டுமென்றே தொய்யவிட்டே வாசித்தார்.

தொய்ந்த தந்தி என்ன செய்கிறது என்பது அழகான விஷயம். ஒரே சுரத்தை இரண்டு தந்திகளில் ஒன்றாக மீட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று நொடிக்கு 247 முறை அதிர்கிறது. தொய்ந்தது 241 முறை. இரண்டும் சில கணம் ஒன்றாக எழும், சில கணம் ஒன்றை ஒன்று அமுக்கும். வித்தியாசம் ஆறு. ஆகவே ஒலி நொடிக்கு ஆறு முறை ஏறி இறங்கும். காதுக்கு அது "வொவ்வொவ்வொவ்" என்று, பழைய இயந்திரம் ஒன்று வயிற்றுவலியில் முனகுவதுபோல் கேட்கும். காற்றுக்கசிவின் ரசிகர்கள் தலையை ஆட்டுவது அந்த ஆறு துடிப்புக்குத்தான்.

குழுவுக்கு ஒரே ஒரு விதி இருந்தது. முதல் நிகழ்ச்சி முடிந்ததும் மூவரும் கைமேல் கைவைத்துச் சபதம் செய்த விதி: என்றைக்காவது நம் சுருதி சேர்ந்தால், அன்றே குழுவைக் கலைத்துவிட வேண்டும். எந்த விதியையும் மதிக்காத மூன்று பேர் இந்த விதியை எழுபத்தொரு ஆண்டுகளாக மீறவில்லை.

*

பயிற்சி அறைக்குள் நுழைந்ததும் நாச்சியார் கேட்டார்.

"யாருடா என் கிதார்ல கை வெச்சது?"

"என்னை ஏன் பாக்குற?" என்றார் ட்ரம்ஸ் வாசிக்கும் சுல்தானா. அவருக்குத் தொண்ணூற்றொரு வயது. காயல் வளையத்தில் அது ஓய்வுபெற இன்னும் ஒன்பது ஆண்டு இருக்கும் வயது. "எனக்குச் சுருதின்னா என்னன்னே தெரியாதுடி. பெருமைக்காகத்தான் சொல்றேன்."

"டேய் ஞானம், நீயா?"

ஞானமுத்து தன் உலோகத் தாடையைத் தடவிக்கொண்டார். "நான் கிதாரைத் தொட்டு நாப்பது வருஷமாச்சு. கடைசியா தொட்டப்போ ஒடச்சேன். வாசிச்சுக் காட்டு."

அவர்களுடைய புகழ்பெற்ற பாட்டை எடுத்தார்கள். "கையெழுத்துப் போடமாட்டேன்" என்பது அதன் முதல் வரி. இரண்டாவது வரியும் அதுவே. மொத்தம் ஐம்பத்தெட்டு நொடி. முடிந்ததும், அடுத்த அறையில் மூச்சுப்பயிற்சி வகுப்பு நடத்தும் பெண்மணி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க," என்றார். "எங்க வகுப்புக்கு இதையே பின்னணியா போட்டுக்கலாமா?"

ஞானமுத்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"முடிஞ்சுது," என்றார். "கலைச்சிடலாம்."

"ஒரு தந்திக்காகவாடா?"

"சபதம்னா சபதம். சுருதி சேந்துடுச்சு. அந்தம்மா மூச்சுப்பயிற்சிக்குக் கேக்குறாங்க, நாச்சி! இதைவிட வேற அவமானம் வேணுமா?"

நாச்சியார் கிதாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "எழுபத்தொரு வருஷம். எனக்கு வேற என்ன தெரியும்? சமைக்கத் தெரியாது. நல்லபடியா பேசத் தெரியாது. ரெண்டு காது போச்சு. இதையும் விட்டுட்டு நான் காலையில எழுந்து என்னடா பண்றது?"

சுல்தானா குச்சியால் ஞானமுத்துவின் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினார். "கெடு குடுடா. கல்லு மாதிரி உக்காந்திருக்காதே."

ஞானமுத்து பெருமூச்சு விட்டார். "சரி. இருபது நாள்ல நம்ம ஆண்டுவிழா. அன்னிக்கு மேடையில அந்தத் தந்தி சேந்திருந்தா, அங்கேயே கலைக்கிறோம். மாத்தம் இல்ல."

*

நாச்சியார் பொறுமையாகத் துப்பறியத் தொடங்கினார். தந்தியைத் தளர்த்திக் கிதாரைப் பெட்டியில் பூட்டினார். பலனில்லை. பெட்டிமேலேயே இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். உள்ளே தந்தி சேர்ந்திருந்தது. கடைசியாகக் கிதாரின் கழுத்து முழுவதும் பல்பொடியைத் தூவிவைத்தார். ஒரு மணி நேரம் கழித்து உருப்பெருக்கியால் பார்த்தபோது, வெள்ளைப் பொடியில் இரண்டு வரிசையில் நுண்ணிய கால்தடங்கள் முறுக்காணிவரை ஏறிச்சென்று திரும்பியிருந்தன. ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் மூன்று. ஆறு கால்.

"சீர்ப்பூச்சி," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

காயல் வளையத்தில் சீர்ப்பூச்சிகளை யாரும் கவனிப்பதில்லை. நம் வீட்டுச் சுவரில் பல்லியை நாம் கவனிக்காததுபோல. எறும்பளவுள்ள இயந்திரங்கள், மொத்தம் நாற்பது கோடி. சட்டையில் பொத்தான் தளர்ந்தால் நடக்கும்போதே இரண்டு வந்து தைத்துவிட்டுப் போகும். நாற்காலி ஆடினால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாமல் காலை முடுக்கும். ஒரு சிறு திருகாணி தளர்ந்தால்கூட வளையத்தின் காற்று வெளியேறிவிடும் என்பதால், அவை எதையும் தளர விடுவதில்லை.

மறுநாள் நாச்சியார் பல்பொடி பூசிய கிதாருடன் வளையச் சீரமைப்பு அலுவலகத்துக்குப் போனார். பொழிலன் என்ற இளம் அதிகாரி எழுந்து நின்று வணங்கினார்.

"வாங்கம்மா. நீங்க காற்றுக்க..." என்று தொடங்கி, பழக்கதோஷத்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தக் குழுவுலதானே இருக்கீங்க?"

"இருக்கேன். உன் பூச்சிங்க என் தந்தியை முறுக்குது தம்பி. ஏன்?"

பொழிலன் ஏட்டைத் தட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல ஒருவர் கிடைத்துவிட்ட மலர்ச்சி அது.

"போன வாரம்தாம்மா நாலாம் தலைமுறைப் பூச்சிங்களை விட்டோம். இதுங்களுக்குக் காது உண்டு. வளையம் சுழலுறதால இங்க எல்லாமே எப்பவும் லேசா அதிருது. பக்கத்துப் பக்கத்துச் சுவர்த்தகடு ரெண்டும் இறுக்கமா இருந்தா ஒரே வேகத்துல அதிரும். ஒண்ணுல ஆணி தளர்ந்தா அது கொஞ்சம் மெதுவா அதிரும். அப்போ ரெண்டும் சேர்ந்து வொவ்வொவ்னு ஒரு துடிப்பு வரும். அது கேட்டா, எங்கேயோ ஆணி தளர்ந்திருக்குன்னு அர்த்தம். உடனே போய் முறுக்கிடும்!"

"அது என் பாட்டுடா."

"அதுங்களுக்கு அது தளர்ந்த ஆணிம்மா."

"வேணாம்னு சொல்லு."

"சொல்ல முடியாதும்மா. நாப்பது கோடி இருக்கு. அதுங்களுக்குத் துடிப்பு கேக்கும், பேச்சு கேக்காது. விலக்குப் பட்டியல்ல இருக்கிறதை மட்டும்தான் தொடாம விடும்."

"அந்தப் பட்டியல்ல என்ன இருக்கு?"

பொழிலன் சுற்றுமுற்றும் கை காட்டினார். சுவரில் பதினொரு நிமிடம் தாமதமாக ஓடும் கடிகாரம். உள்ளே தள்ள வேண்டிய இடத்தில் வெளியே இழுக்க வேண்டிய கதவு. ஒரு காலத்தில் அங்கே ஒரு தூண் இருந்தது என்பதற்காக, தூண் போன பிறகும் வளைந்தே நிற்கும் வரிசை. யாரும் திறந்தே பார்த்திராத மூன்றாம் எண் கவுண்டர்.

"இதெல்லாம் மரபுப் பிழைங்கம்மா. முப்பது வருஷம் விடாம நடந்த தப்பைத் திருத்தக் கூடாதுன்னு சட்டம் இருக்கு."

அந்தச் சட்டம் வந்த கதையையும் அவரே சொன்னார். வளையத்தின் முதல் தலைவருக்கு வைத்த சிலையின் மூக்கு கோணலாக அமைந்துவிட்டது. முப்பது ஆண்டுகளாக அதைக் கேலிசெய்யாதவர் இல்லை. ஒருநாள் பூச்சிகள் மூக்கை நேராக்கிவிட்டன. மூன்று நாள் கடையடைப்பு, ஊர்வலம், உண்ணாவிரதம். மூக்கை மறுபடி கோணலாக்கிய பிறகே ஊர் அடங்கியது. இன்னொரு கலவரத்தைத் தாங்க முடியாது என்று பேரவை அந்தச் சட்டத்தை இயற்றியது.

"எங்க தப்புக்கு எழுபத்தொரு வயசு," என்றார் நாச்சியார்.

"அப்போ கண்டிப்பா கிடைக்கும்மா. பதினோரு பக்கப் படிவம்தான். மூணு பேரும் கையெழுத்துப் போடணும்."

நாச்சியார் கண்ணை மூடிக்கொண்டார்.

*

"கையெழுத்தா?" என்று ஞானமுத்து அலறினார். "எழுபத்தொரு வருஷமா நான் என்ன பாடுறேன்னு கேட்டியா இல்லையா?"

"கேட்டேன். ஐம்பத்தெட்டு நொடிக்குப் பதினாறு தடவை."

"கைநாட்டு வெச்சா ஒத்துப்பாங்களா?" என்றார் சுல்தானா. "நாம கைநாட்டு வைக்கமாட்டேன்னு பாடலையே."

ஞானமுத்து நீண்ட நேரம் யோசித்தார். கடைசியில் கொள்கைக்குப் பங்கம் இல்லை என்று முடிவுசெய்து, கட்டைவிரலில் மை பூசிக்கொண்டார். ஆனால் கோபம் தீரவில்லை. படிவத்தை நிரப்பும் வேலையைத் தானே வாங்கிக்கொண்டு, வன்மத்தோடு நிரப்பினார். 'பிழை நிகழும்போது பொதுமக்கள் நடந்துகொள்ளும் முறை' என்று எட்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. அதில், "இரண்டாவது அடியில் மூன்று பேர் தண்ணீர்ப் பொட்டலம் எறிவார்கள், ஒன்று பாடகர் மார்பில் படும். ஒருவர் மேடை ஏறிக் கீழே விழுவார்" என்று எழுதினார். 'குழுவைக் கலைக்கும் வழிமுறை' என்ற இடத்தில், "அரசாங்கத்தைக் கேட்டுக்கொண்டு கலைப்போம்" என்று கிண்டலாக எழுதிவிட்டுத் தனியாகச் சிரித்தார்.

படிவங்களைப் படிப்பவர்களுக்குக் கிண்டல் தெரியாது என்பதை அவர் மறந்துவிட்டார். வாழ்நாளில் ஒரு படிவம்கூட நிரப்பாதவர் செய்யக்கூடிய பிழை அது.

அடுத்து, அளவெடுப்பு. பூச்சி புகாத கண்ணாடி அறை ஒன்றில் நாச்சியாரை உட்காரவைத்தார்கள். பழைய ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, பிழையின் அளவு நொடிக்குச் சரியாக ஆறு துடிப்பு என்று அலுவலகம் முன்பே கணக்கிட்டிருந்தது. நாச்சியார் தந்தியைத் தளர்த்தி, பக்கத்துத் தந்தியோடு சேர்த்து மீட்டினார். பொழிலன் அளவியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஆறரை வருதும்மா."

"அதனாலென்ன?"

"தப்பு தப்பா இருக்கு. ஆறுதான் சரியான தப்பு."

"நான் எப்பவும் குத்துமதிப்பாத்தான் தளர்த்துவேன் தம்பி."

"குத்துமதிப்பைப் பட்டியல்ல ஏத்த முடியாதும்மா. பூச்சிங்களுக்கு எண்ணு வேணும். பட்டியல்ல இருக்கிற எண்ணு மாறினா, அதையும் தப்புன்னு எடுத்துச் சரிபண்ணும்."

நாச்சியார் நான்கு நாள் அந்தக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாகச் சுருதி அளவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாதகம் செய்தார். ஐந்தே முக்கால். ஆறேகால். ஐந்தரை. மாணவியாக இருந்தபோதுகூட இவ்வளவு கஷ்டப்பட்டு அவர் எதையும் சரியாகச் செய்யப் பழகியதில்லை. நான்காம் நாள் மாலை ஆறு துடிப்பு, பத்து முறை தொடர்ந்து வந்தது. பொழிலன் கண்கலங்கிக் கைதட்டினார். அலுவலகம் அப்போதே நகத்தளவு உலோகத் தகடு ஒன்றைக் கிதாரின் பின்புறம் ஒட்டியது. அதில் எழுதியிருந்தது: மரபுப் பிழை எண் 212. திருத்தக் கூடாது.

*

ஆண்டுவிழா அன்று அரங்கம் நிரம்பிவழிந்தது. ஞானமுத்து ஒலிவாங்கியைப் பிடித்துக் குழுவின் பெயரைக் கத்தினார். யாரும் ஓடவில்லை. எல்லாரும் தயாராகக் கொண்டுவந்திருந்த முகமூடியை ஒரே நேரத்தில் மாட்டி, ஒரே நேரத்தில் கழற்றினார்கள்.

நாச்சியார் தந்திகளை மீட்டினார். வொவ்வொவ்வொவ் என்றது. ஞானமுத்து திரும்பிப் பார்த்து, உலோகத் தாடை தெரியச் சிரித்தார். குழு பிழைத்துவிட்டது.

இரண்டாவது அடியில் முதல் வரிசையிலிருந்து மார்பில் சீரமைப்பு அலுவலக அடையாள வில்லை அணிந்த மூன்று பேர் எழுந்தார்கள். வணங்கினார்கள். ஒவ்வொருவராகத் தண்ணீர்ப் பொட்டலம் எறிந்தார்கள். மூன்றாவது ஞானமுத்துவின் மார்பில் சரியாகப் பட்டு உடைந்தது. கூட்டம் "ஆஹா" என்றது. மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் படிக்கட்டு வழியாக மேடை ஏறி, மெத்தை விரித்திருந்த இடமாகப் பார்த்து விழுந்துவிட்டுப் போனார். மற்றவர்கள் சம்மணமிட்டு உட்கார்ந்து, தொடையில் தட்டி ஆறு துடிப்பையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

சுல்தானாவுக்கு ஆத்திரம் வந்தது. மூன்றாவது பாட்டில், இதுவரை வாசிக்காத ஒரு தாளத்தைக் கண்மண் தெரியாமல் அடித்தார். முன்வரிசையில் படிவத்தின் நகலை விரித்துவைத்திருந்த ஒரு கல்லூரிப் பெண் கையை உயர்த்தினாள்.

"மேடம், மன்னிக்கணும். இது பாடாந்தரத்துல இல்லையே?"

"அட என்னம்மா நீ," என்று ஞானமுத்து ஒலிவாங்கியிலேயே கத்தினார். "இது பங்க்கும்மா! இதுக்கு ஏது பாடாந்தரம்?"

"ஆறாம் பக்கம் சார்," என்றாள் அவள் பணிவாக. அரங்கம் முழுக்கத் தாள் புரளும் சத்தம் கேட்டது. சுல்தானா பழைய தாளத்துக்குத் திரும்பினார். எல்லாரும் திருப்தியோடு தலையாட்டினார்கள்.

நிகழ்ச்சி முடிந்து மேடைக்குப் பின்னால் மூவரும் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார்கள். ஞானமுத்துவின் சட்டையிலிருந்து நீர் சொட்டியது.

"அன்னிக்கே கலைச்சிருக்கணும்," என்றார்.

"இப்போ கலைச்சிடுவோமா?" என்றார் சுல்தானா.

"முடியாது," என்றார் நாச்சியார். "பத்தாம் பக்கம். அரசாங்கத்தைக் கேட்டுக்கிட்டுத்தான் கலைக்கணுமாம். நீதானே எழுதினே? பொழிலனைக் கேட்டுப் பார்த்தேன். மரபைக் கலைக்க அனுமதி கிடையாதுன்னு சொல்லிட்டான்."

ஞானமுத்து எதையோ சொல்ல வாயைத் திறந்தார். அதுவும் எந்தப் பக்கத்தில் வருமோ என்ற பயத்தில் மூடிக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து, வீட்டில் தனியாக இருந்தபோது, நாச்சியாருக்கு ஓர் ஆசை வந்தது. அந்த இரண்டாவது தந்தி சேர்ந்திருந்த காலையில், பயத்தில் அவர் அதைச் சரியாகக் கேட்கக்கூட இல்லை. இப்போது ஒரே ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம் என்று கதவைச் சாத்திவிட்டு, முறுக்காணியை இறுக்கினார். தந்தி சேர்ந்தது. மீட்டக் கை எடுப்பதற்குள் மூன்று சீர்ப்பூச்சிகள் கழுத்தின்மேல் வரிசையாக ஏறி வந்தன. ஒன்று ஆணியைப் பிடித்தது. ஒன்று தள்ளியது. மூன்றாவது காதை வைத்துக் கேட்டது. தந்தி மறுபடி தொய்ந்ததும் மூன்றும் இறங்கிப் போயின.

நாச்சியார் இன்னும் இரண்டு முறை முயன்றார். இரண்டு முறையும் அவை வந்தன. பிறகு அளவியை எடுத்து வைத்துப் பார்த்தார். சரியாக ஆறு. அரைத் துடிப்புகூடக் கூடவில்லை, குறையவில்லை.

ஆக, கிதார் தந்தி தானாகச் சுருதி சேர்வதைத் தடுக்கும் வழி இதுதான்: முப்பது ஆண்டு விடாமல் தப்பாக வாசிக்க வேண்டும், அந்தத் தப்பை அளந்து எழுதிக்கொடுக்க வேண்டும், அதன்மேல் ஒரு தகடு ஒட்ட வேண்டும். அதற்குப் பிறகு அதை யாரும் திருத்தமாட்டார்கள். வாசிப்பவரே திருத்த நினைத்தாலும் விடமாட்டார்கள்.